இருட்டறைக்கு என்லார்ஜர் லென்ஸ் வாங்குவது எப்படி: தோட்டப் பட்டணத்தில் இருப்பவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு கறுப்பு வெள்ளைப் படம் பிரிண்ட் போட ஆசைப்பட்டால், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் மெஷினான என்லார்ஜர் கிடைப்பதுகூடப் பெரிய பாடு இல்லை. ஸ்டூடியோவை மூடிவிட்ட யாராவது ஒருவர், இடத்தை அடைக்கிறது என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார். லென்ஸ்தான் பாடு. ஒன்று, அதை எப்போதோ கழற்றி எங்கோ போட்டிருப்பார்கள். இல்லையென்றால் உள்ளே பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். ஈப்போவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் கேமரா லென்ஸைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஆனால் எது நம் மெஷினில் மாட்டும், இந்த ஈர வெக்கையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நீங்களும் இதே வரிசையில் போங்கள்: முதலில் நெகட்டிவ், அடுத்து லென்ஸை மாட்டும் திருகு மரை, அதற்கப்புறம் கண்ணாடியின் நிலை. பிராண்ட் பெயரெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

1. நெகட்டிவை ஸ்கேல் வைத்து அளங்கள்

எந்தக் குவியத் தொலைவு உள்ள லென்ஸ் வேண்டும் என்பதை நெகட்டிவின் அளவு தீர்மானிக்கிறது. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமுக்கு 50 மி.மீ. லென்ஸ். 120 ஃபிலிமில் 6×6 செ.மீ. என்றால் 75 அல்லது 80 மி.மீ. 6×7 என்றால் 90, 6×9 என்றால் 105. நாலுக்கு ஐந்து அங்குல ஷீட் ஃபிலிம் வைத்திருப்பவர்களுக்கு 135 அல்லது 150.

வீட்டு அலமாரியில் பழைய நெகட்டிவ்களைக் கண்டெடுத்துத்தான் பலர் இந்த வேலைக்குள் வருகிறார்கள். அந்தக் காலத்துத் தோட்டத்துக் குடும்பப் படங்களில் நிறைய 6×6 அல்லது 6×9 அளவில் இருக்கும். ‘சின்ன நெகட்டிவ்தானே, 50 போதும்’ என்று நினைத்துவிடாதீர்கள். 6×6 நெகட்டிவை 50 மி.மீ. லென்ஸில் போட்டால் நாலு மூலையும் இருண்டுவிடும். லென்ஸை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதற்கு மருந்து கிடையாது. என்லார்ஜரும் அந்த அளவு நெகட்டிவை ஏற்குமா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பல சிறிய மெஷின்கள் 35 மி.மீ.க்கு மட்டுமே செய்தவை.

மறுபுறம், 35 மி.மீ. நெகட்டிவுக்கு 80 மி.மீ. லென்ஸ் போடலாம். லென்ஸின் நடுப்பகுதி மட்டும் வேலை செய்வதால் மூலைகள் நன்றாகவே வரும். சிக்கல் உயரத்தில். 35 மி.மீ. நெகட்டிவில் இருந்து எட்டுக்குப் பத்து அங்குலத் தாளை நிரப்ப ஏறக்குறைய எட்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் இதற்கு லென்ஸிலிருந்து தாளுக்கு 47 செ.மீ. சொச்சம் போதும். 80 மி.மீ. லென்ஸில் அதுவே 76 செ.மீ. ஆகிவிடும். விளக்குக் கூண்டு அதற்கும் மேலே நிற்கும். சிறிய என்லார்ஜரின் தூண் அவ்வளவு உயரம் போகாது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டுக் குளியலறையை இருட்டறையாக்கியவர்களுக்குக் கூரையும் இடிக்கும்.

விளக்கு வெளிச்சத்தைக் குவிக்கும் கண்ணாடியான கண்டென்சர் உள்ள மெஷின் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். லென்ஸை மாற்றும்போது கண்டென்சரையும் அதற்கேற்ற நிலைக்கு மாற்ற வேண்டியிருக்கும். மாற்றாவிட்டால் நடுவில் வெளிச்சம் கூடி, ஓரம் மங்கும்.

இரண்டு அளவு நெகட்டிவும் கையில் இருந்தால், இரண்டுக்கும் சேர்த்து ஒரே லென்ஸில் சமாளிக்கப் பார்க்காதீர்கள். முதலில் 50 வாங்கி வேலையைத் தொடங்குங்கள். 80 பிறகு வரட்டும்.

2. மரையைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள்

என்லார்ஜர் லென்ஸ்களில் பெரும்பாலானவை 39 மி.மீ. மரை உள்ளவை. எம்39 என்றும் லைக்கா மரை என்றும் விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் சில பழைய சிறிய என்லார்ஜர்களில் மரை இதைவிடச் சிறியது. நீளமான லென்ஸ்கள் சிலவற்றில் இதைவிடப் பெரியது. உங்கள் மெஷினின் லென்ஸ் பலகையைக் கழற்றி, ஓட்டையின் விட்டத்தை அளந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் பேசும்போது அந்த ஒரு படம் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

பலகையில் மரை இல்லாமல் வெறும் ஓட்டை மட்டும் இருந்தால், பின்பக்கத்திலிருந்து முடுக்கும் இறுக்கு வளையம் தேவை. ‘வளையம் கூட வருமா?’ என்று வாங்கும்போதே கேளுங்கள். தனியாகத் தேடினால் லென்ஸைவிட அதைத்தான் அதிக நாள் தேடுவீர்கள். லென்ஸ் பலகையே காணாமல் போன என்லார்ஜர் என்றால், அந்த மாடலின் பலகை கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். லென்ஸ் அதற்கப்புறம்.

மரை பொருந்துகிறதே என்று பழைய லைக்கா மரைக் கேமரா லென்ஸை மாட்டிக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. மாட்டும், படமும் விழும். ஆனால் கேமரா லென்ஸ் தூரத்தில் இருப்பதை எடுக்கச் செய்தது. என்லார்ஜர் லென்ஸ் தட்டையான ஃபிலிமைக் கிட்டத்திலிருந்து தட்டையான தாளில் விழவைக்கச் செய்தது. நடுவும் மூலையும் ஒரே நேரத்தில் கூர்மையாக இருப்பது என்லார்ஜர் லென்ஸில்தான்.

3. பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

ஒரே கம்பெனி நல்ல லென்ஸும் செய்தது, மலிவான லென்ஸும் செய்தது. பெயர்களோ அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஷ்னைடரின் கம்பொனான் உயர்ந்த வரிசை, கம்பொனார் கீழ் வரிசை. ரோடன்ஸ்டாக்கில் ரோடகான் உயர்ந்தது, ரோகொனார் கீழே. மேயோப்டாவில் மேயோகானுக்குள் ஆறு கண்ணாடி, பெலாருக்குள் நான்கு. நிக்கானில் பெயர் எல்லாமே எல்-நிக்கார்தான், ஆனால் 50 மி.மீ.யில் எஃப்/2.8 (வெளிச்சத் துளையான அப்பர்ச்சர் முழுக்கத் திறந்த அளவு) என்பது ஆறு கண்ணாடி, எஃப்/4 என்பது நான்கு. அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுப் படித்தால் வேறு லென்ஸுக்குப் பணம் கட்டிவிடுவீர்கள். விற்பவரும் அதைத் தெரிந்தே எழுதுகிறார் என்று சொல்ல முடியாது. பலருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆறு கண்ணாடி லென்ஸ், அப்பர்ச்சரை இரண்டு படி (ஸ்டாப்) மூடினாலே மூலைவரை கூர்மையாகிவிடும். நான்கு கண்ணாடி லென்ஸை இன்னும் கொஞ்சம் மூட வேண்டும். மூன்று கண்ணாடி லென்ஸ் அஞ்சலட்டை அளவுப் படத்துக்குப் போதும், பெரிதாக்கினால் ஓரம் தளரும். என் அபிப்பிராயம் இதுதான்: 35 மி.மீ. போடுகிறவர்கள் ஆறு கண்ணாடி உள்ள 50 மி.மீ. எஃப்/2.8 ஒன்றை வாங்கிவிடுங்கள். எல்-நிக்கார், கம்பொனான்-எஸ், ரோடகான் மூன்றில் எது சுத்தமாகக் கிடைக்கிறதோ அது. இந்த மூன்றுக்கும் இடையில் எது உசத்தி என்று நாள்கணக்கில் படித்துக்கொண்டிருப்பது வீண். சுத்தமான எல்-நிக்கார் எஃப்/4, மங்கிப்போன கம்பொனான்-எஸ்ஸை எந்த நாளும் ஜெயிக்கும்.

பெயரில் ‘APO’ (அப்போ) என்று போட்ட விலை கூடிய லென்ஸ் வேண்டுமா? வேண்டாம். அதன் விலையில் பெரும்பகுதி நிறங்களைப் பிசகாமல் சேர்ப்பதற்குத்தான். கறுப்பு வெள்ளையில், எட்டுக்குப் பத்து அளவில், அந்தக் காசைத் தாளுக்குச் செலவழித்தால் படம் இன்னும் நன்றாக வரும்.

விலையை நான் பார்த்த வரையில் சொல்கிறேன். எல்லாம் பழையது வாங்கும் விலை, மாதத்துக்கு மாதம் மாறும். நான்கு கண்ணாடி 50 மி.மீ. நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) முன்பின். ஆறு கண்ணாடி 50 மி.மீ. 150 முதல் 350 வெள்ளி. 80 மி.மீ. எஃப்/5.6 அல்லது எஃப்/4 உம் கிட்டத்தட்ட அதே. APO லென்ஸ் என்றால் ஆயிரத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். ஆறு கண்ணாடி லென்ஸ் ஐம்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது என்றால் அடுத்த படியை இரண்டு தடவை படியுங்கள்.

4. டார்ச் அடித்துப் பாருங்கள்

நம் ஊரில் காசு போவது இந்த இடத்தில்தான். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். இங்கே அது வருடம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது. பழைய ஸ்டூடியோ அலமாரியில் தோல் பைக்குள் பத்திரமாக வைத்திருந்த லென்ஸ்தான் பெரும்பாலும் அதிகம் கெட்டிருக்கும். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கம் சற்றுச் சரிவாகப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சிலந்தி வலை போல ஓரத்திலிருந்து கிளை விட்டிருந்தால் பூஞ்சணம். கண்ணாடி முழுக்க மெல்லிய ஆவி படிந்தது போலிருந்து, துடைத்தாலும் போகாவிட்டால் உள்மங்கல். வானவில் நிறத்தில் பிறை மாதிரி ஓரத்தில் தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விடத் தொடங்கியிருக்கிறது. ஒன்றிரண்டு தூசி, முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. அப்பர்ச்சர் இதழ்களில் லேசான எண்ணெய் இருந்தாலும் நாம் கையால்தானே திருப்புகிறோம், ஓடும். அந்த எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மங்கலை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், பிரிண்டில் அது கேமராவில் செய்வதற்கு நேர்மாறாகக் கெடுக்கும். கேமரா லென்ஸ் மங்கினால் நிழல் வெளுக்கும். என்லார்ஜரில் வெளிச்சம் விழும் இடம்தான் தாளில் கறுக்கிறது. அதனால் சிதறும் வெளிச்சம் வெள்ளைப் பகுதிக்குள் புகுந்து அதைச் சாம்பலாக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எடுத்த படம் ஒன்றை வைத்துச் சொல்கிறேன்: இருட்டான வாசலின் முன் ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி. மங்கல் லென்ஸில் போட்டபோது திருநீறு தோல் நிறத்தோடு கலந்துவிட்டது, வேட்டி மடிப்பு தெரியவில்லை. கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டும் ஃபில்டரை இரண்டரை எண்ணிலிருந்து நான்குக்கு ஏற்றினால் வேட்டி வெளுத்தது, ஆனால் முகம் கரியாகிவிட்டது. அதே நெகட்டிவைச் சுத்தமான லென்ஸில் இரண்டரை ஃபில்டரிலேயே போட்டேன். நெற்றியில் மூன்று கோடும் தனித்தனியாக வந்தன. உங்கள் படங்களுக்கு எப்போதும் கடினமான ஃபில்டர் தேவைப்படுகிறது என்றால், நெகட்டிவைக் குறை சொல்லும் முன் லென்ஸில் டார்ச் அடியுங்கள்.

நேரில் பார்க்க முடியாதபோது விற்பவரிடம் இதே டார்ச் படத்தைக் கேளுங்கள். ‘கண்ணாடி சுத்தம்’ என்ற எழுத்து போதாது. முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, அப்பர்ச்சர் மூடி ஒன்று என்று மூன்று படம். எனக்கு ஒருவர் ‘புதுசு மாதிரி’ என்று எழுதி அனுப்பிய லென்ஸைப் பிரித்தால் உள்ளே பால் ஊற்றியது போல இருந்தது. படம் கேட்டால் எரிச்சல்படுகிறவரிடம் வாங்காதீர்கள்.

பூஞ்சணம் பிடித்ததை வாங்கிச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று கணக்குப் போடவும் வேண்டாம். அது கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றிருந்தால் துடைத்தாலும் தடம் நிற்கும். பிரித்துச் சுத்தம் செய்யும் கூலி பல நேரம் இன்னொரு லென்ஸின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

5. எங்கே வாங்குவது, என்ன காகிதம் வைத்துக்கொள்வது

முதல் இடம், ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் மூடிய ஸ்டூடியோக்கள். நேரில் போய்ப் பேசுங்கள். சீன அங்கிளாக இருந்தால் மலாயில் கேளுங்கள்; என்லார்ஜர் என்ற சொல்லே போதும், புரிந்துகொள்வார்கள். டார்ச்சும், அளந்து வைத்த பலகைப் படமும் கையில் இருக்கட்டும். இரண்டாவது, உள்நாட்டு இணையச் சந்தைகள். மூன்றாவது ஜப்பான் விற்பனையாளர்கள். அங்கே சரக்கு நிறைய, நிலையை விவரமாக எழுதுகிறார்கள், விலையும் சற்றுக் கூட.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி உண்டு. 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளிக்கு மேற்படாத இணையப் பொருள்களுக்கும் 10 சதவீத விற்பனை வரி வந்துவிட்டது. பதிவு பெற்ற தளம் என்றால் பணம் கட்டும்போதே சேர்த்துக்கொள்ளும். அந்த ரசீதில் வரி தனியாகக் காட்டியிருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 500ஐத் தாண்டினால் சுங்கத்துறைக் கணக்குக்குப் போகும்; வரியோடு கூரியரின் கையாள்கைக் கட்டணமும் சேரும். ஆகவே 520 வெள்ளி லென்ஸையும் 480 வெள்ளி லென்ஸையும் வெறும் நாற்பது வெள்ளி வித்தியாசமாக எண்ணாதீர்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியவை: விற்பவரின் இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் முழு ஸ்கிரீன்ஷாட், டிராக்கிங் எண், உங்கள் அடையாள அட்டை எண். விவரத்தில் ‘பழைய என்லார்ஜர் லென்ஸ்’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சுங்கப் பட்டியலில் கேமரா, என்லார்ஜர் லென்ஸ்களின் எண் 9002.11. கூரியர் ஆள் போன் பண்ணிப் பொருள் என்ன என்று கேட்டால் இந்த எண்ணைச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும். விலையைக் குறைத்துப் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். பொருள் தொலைந்தால் அந்தக் குறைந்த விலைதான் உங்களுக்குத் திரும்பும்.

காலம்: உள்நாடு என்றால் ஒரு வாரத்துக்குள், ஜப்பான் என்றால் இரண்டு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாளை ஒட்டி இன்னும் தள்ளும். தோட்டத்துக்குள் இருப்பவர்கள் லயத்து முகவரி கொடுத்தால் பொட்டலம் தோட்டத்து ஆபீஸில் கிராணி (குமாஸ்தா) மேசைக்கடியில் நாள்கணக்கில் கிடக்கலாம், திருப்பி அனுப்புவதற்கான நாள் அதற்குள் போய்விடும். பட்டணத்தில் பகல் முழுக்க ஆள் இருக்கும் உறவினர் வீட்டையோ கடையையோ கொடுங்கள்.

6. வந்த அன்றே சோதனை செய்யுங்கள்

பொட்டலம் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சோதனை முடியும்வரை ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் பணம் விற்பவருக்குப் போய்விடும்.

லென்ஸைச் சோதிக்கும் முன் என்லார்ஜரைச் சோதிக்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கி, அடிப்பலகை, லென்ஸ் பலகை, நெகட்டிவ் தட்டு மூன்றின் மேலும் நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஸ்டூடியோவிலிருந்து லாரியில் ஏற்றி இறக்கிய மெஷின்கள் பெரும்பாலும் சாய்ந்துதான் இருக்கும்.

அடுத்து, ஃபிலிம் சுருளின் தொடக்கத்தில் வெளிச்சம் பட்டு முழுக்கக் கறுத்த துண்டு இருக்குமே, டெவலப் செய்த அந்தத் துண்டை எடுத்து, ஊசியால் நடுவிலும் நாலு மூலையிலும் மெல்லிய குறுக்குக் கோடு கீறுங்கள். அதை எட்டுக்குப் பத்து அளவுக்குப் பெரிதாக்கி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, கிரெய்ன் ஃபோகசர் (தாளில் விழும் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் சிறு கருவி) வைத்து நடுவில் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு எஃப்/5.6, எஃப்/8 என்று மூடி, ஒவ்வொன்றிலும் ஐந்து இடத்திலும் தாள் துண்டு வைத்து பிரிண்ட் எடுங்கள். ஒரு ஸ்டாப் மூடினால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும், எஃப்/5.6 இல் பத்து விநாடி என்றால் எஃப்/8 இல் இருபது.

ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் மெஷின் சாய்வு, லென்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள். லென்ஸை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்க்க முடிந்தால் பாருங்கள்: தளர்வும் கூடவே இடம் மாறினால்தான் லென்ஸ் கோளாறு. எஃப்/8 இலும் நாலு மூலையும் ஒரே மாதிரி தளர்ந்திருந்தால், விளக்குச் சூட்டில் ஃபிலிம் வளைகிறதா என்று பாருங்கள். விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, சூடேறிய பிறகு மறுபடி ஃபோகஸ் செய்தால் அது தெரிந்துவிடும். அப்போதும் சரியாகவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள், சோதனைத் துண்டுகளைப் படம் எடுத்துச் சேர்த்து.

அப்பர்ச்சர் எண்கள் இருட்டிலும் விளக்கு வெளிச்சத்தில் தெரியும்படி செய்த பிந்தைய மாடல்களில், எண்ணுக்கு வெளிச்சம் தரும் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக வெள்ளை வெளிச்சம் கசிந்து தாளில் விழுகிறதா என்றும் பாருங்கள். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினால் போதும்.

எஃப்/2.8 லென்ஸுக்கு வேலை செய்யும் இடம் எஃப்/5.6, எஃப்/8. நான்கு கண்ணாடி எஃப்/4க்கு எஃப்/8, எஃப்/11. எஃப்/16க்கு மேல் மூடினால் படம் முழுவதும் மெலிதாகத் தளரும், நேரம் வசதிக்காகக்கூட அங்கே போகாதீர்கள்.

7. வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்

இருட்டறை என்றாலே தண்ணீரும் ரசாயன ஆவியும்தான். லென்ஸை என்லார்ஜரிலேயே விட்டுப் போகாதீர்கள். மின்சார உலர்பெட்டி இருந்தால் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், பத்து பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்று. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது; குறைந்த சூட்டில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். தோல் பை, வெல்வெட் பை எதையும் டப்பாவுக்குள் போடாதீர்கள்.

ஏர்கோன் அறையில் வைத்திருந்த லென்ஸை நேரே வெக்கையான இருட்டறைக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியில் ஆவி படியும், முதல் சில பிரிண்ட்கள் மங்கலாக வரும். டப்பாவை மூடியபடியே அரைமணி நேரம் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த நேரத்தில் டெவலப்பரைக் கலந்துகொள்ளுங்கள்.